அரசு அலுவலகத்துக்குக் கொடுத்த சரக்கும் வராத பணமும்: கேள்வி பதில்

கே: எங்கள் தறியில் நெய்து அரசு மருத்துவமனைக்குப் போர்வை கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ‘தரம் சரியில்லை’ என்று பில்லை நிறுத்திவிட்டார்கள்.

ப: சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்ததா? வரவில்லை என்றால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். கெடு பேசியிருந்தால் அதற்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடுவே பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போடுங்கள்; பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். பலருக்குப் பணம் வருவதே இந்த விதியால்தான். ஆனால் இறங்கிய தேதிக்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி டெலிவரி சலான்தான். தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

கே: நான் பேப்பர், டோனர் வாங்கி விற்கிறவன். எனக்கும் உண்டா?

ப: இல்லை. 2021-ல் வியாபாரிகளை எம்.எஸ்.எம்.இ. பட்டியலில் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். சிவில் கோர்ட்தான்; மூன்று வருடக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

கே: சரக்கு கொடுத்த பிறகுதான் உத்யம் (எம்.எஸ்.எம்.இ. தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்தேன்.

ப: பழைய சப்ளைக்கு அது செல்லாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கே: தவறு சார். 2025 ஜனவரித் தீர்ப்பில் பதிவு கட்டாயமில்லை என்றார்களே!

ப: முழுசாகப் படியுங்கள். அப்படிக் கருத்துச் சொன்ன இரு நீதிபதிகளும் விஷயத்தை மூன்று நீதிபதி அமர்வுக்கு அனுப்பினார்கள்.

கே: அப்படியானால் மனுவே போடக்கூடாதா?

ப: போடலாம். அந்தத் தீர்ப்பின் நகலையும் இணையுங்கள். அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. முதல் ஆர்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கே: சார், பில் கொடுத்து ஆறு மாதம் ஆச்சு...

ப: முதல் பதிலைப் பாருங்கள். சலானில் தேதி இருக்கிறதா?

கே: மாநில அரசு டெண்டரில் குறைந்த விலை எங்களுடையது, ஆனாலும் தள்ளிவிட்டார்கள்.

ப: 1998 தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இன்றே எழுதத் தொடங்குங்கள்.

கே: சலான் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

ப: அவர்களுடைய இருப்புப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.