மெகாக்வேரியம்: வாசகர் ஐயங்களும் விளக்கங்களும்

மெகாக்வேரியம் என்னும் மீன் காட்சியக மேலாண்மைக் கணினி விளையாட்டைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக எழும் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ட்வைஸ் சர்க்கிள்ட் நிறுவனத்தின் தயாரிப்பான இவ்விளையாட்டு 2018-இல் கணினிக்கும், அடுத்த ஆண்டு கன்சோல்களுக்கும் வெளிவந்தது.

கேள்வி: தொட்டியில் ஒன்றாக விட்ட மீன்கள் முதலில் அமைதியாகவே இருந்தன. சில நாட்களுக்குப் பிறகு சிறிய மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. இது மென்பொருள் பிழையா?

பிழையன்று, பெரிய மீன் சிறியதைத் தின்றுவிட்டது. இந்த விளையாட்டில் மீன்கள் வளரும் என்பதைப் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். வாங்கும்போது விரல் நீளமே இருக்கும் சிங்கமீன், அன்று தன்னருகே நீந்தும் குட்டி மீனைத் தீண்டாது. வளர்ந்து முடித்ததும், தன்னைவிட மிகச் சிறியவையாக இருப்பவை அனைத்தும் அதற்கு இரையாகிவிடும். ஆகவே, ஒரு மீனைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய அளவைப் பார்க்காமல், அதன் விவரப் பலகையில் காட்டப்படும் முழு வளர்ச்சி அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். அதே பலகையில் அதன் குணங்களும் இருக்கும்: மற்றவற்றை விரட்டும் முரட்டு மீனா, முரடர்களோடு சேர்த்து வைக்க முடியாத பயந்த மீனா, தன் இனத்தைச் சேர்ந்த துணை போதிய எண்ணிக்கையில் இல்லாவிட்டால் வாடிப்போகும் கூட்ட மீனா, ஒளியை விரும்புவதா, ஒளிந்துகொள்ளக் குகை கேட்பதா என்பவை அங்கேயே கிடைக்கும். என் கருத்தில், இந்த விளையாட்டின் முக்கால் பங்கு அந்தப் பலகையைப் பொறுமையாகப் படிப்பதுதான். மீனின் அழகைப் பார்த்து முதலில் வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுபவர்களுக்குத் தொட்டிகள் வீணாகப் பெருகும்.

கேள்வி: போதுமான பணியாளர்களை நியமித்தும் மீன்கள் பட்டினி கிடக்கின்றன. இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டுமா?

சேர்ப்பதற்கு முன் ஒரு பணியாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் பின்னாலேயே திரையை நகர்த்திப் பாருங்கள். தீனி வைத்திருக்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பார்வையாளர் கூட்டத்தின் நடுவே வளைந்து நெளிந்து, மறுகோடியில் உள்ள தொட்டியை அவர் அடைவதற்குள் வேறொரு தொட்டியின் வடிகட்டி பழுதாகியிருக்கும். இங்கே குறை ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, நடைபாதையில் இருக்கிறது. தொட்டிகளை இரண்டு வரிசைகளாக முதுகு காட்டி நிறுத்தி, இடையில் பணியாளர் மட்டும் செல்லும் ஒரு சந்து விட்டு, அதன் வாசலில் பணியாளருக்கான கதவைப் பொருத்துங்கள். தீனி, வடிகட்டி, சூடேற்றி, குளிரூட்டி எல்லாம் அந்தச் சந்துக்குள் போய்விட்டால் பணியாளர் நடக்கும் தூரம் குறையும். பார்க்கச் சகிக்காத கருவிகளும் பார்வையாளர் கண்ணில் படாது. காட்சியகம் பெரிதான பின்பு, ஒவ்வொரு பணியாளருக்கும் தனித்தனிப் பகுதியையும் வேலையையும் ஒதுக்குவது நல்லது. தீனி போடுவதில் தேர்ந்தவரைக் குப்பை பொறுக்க அனுப்புவது சம்பளத்தை வீணடிப்பதாகும். (இந்தச் சந்துக்கான இடத்தை முதல் தொட்டி வைக்கும்போதே விட்டுவிடுங்கள், பின்னால் இடித்துக் கட்டுவது பெரும் தலைவலி.)

கேள்வி: புதிய மீன்கள் திறக்கின்றன, ஆனால் புதிய கருவிகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

உங்களிடம் சூழலியல் புள்ளிகள் சேர்கின்றன, அறிவியல் புள்ளிகள் சேரவில்லை. முன்னவை உயிரினங்களையும் பின்னவை கருவிகளையும் திறப்பவை. எந்த உயிரினம் எவ்வகைப் புள்ளியைத் தருகிறது என்று பார்த்து, அறிவியல் புள்ளி தருபவற்றைக் கூட்டம் அதிகம் கடந்து செல்லும் வழியில் வையுங்கள். பார்வையாளர் நின்று பார்க்கும்போதுதான் புள்ளி கிடைக்கும் என்பதால், மூலையில் தள்ளப்பட்ட தொட்டி எவ்வளவு அரியதாயினும் பயன் தராது.

கேள்வி: கூடுதல் தொகுப்புகளை வாங்கலாமா?

அடிப்படை விளையாட்டின் கதைப் பயணத்தை முடித்த பிறகு வாங்கலாம். 2021-இல் வந்த ஃப்ரெஷ்வாட்டர் ஃபிரென்சி, நன்னீர் உயிரினங்களோடு இனப்பெருக்கத்தையும் கொண்டுவருவதால் விளையாடும் முறையையே சற்று மாற்றுகிறது. எனவே அதற்கே முதலிடம். டீப் ஃப்ரீஸ், பென்குயின் பிரியர்களுக்கு.

கேள்வி: என் மகன் இதை விளையாடிவிட்டு, வீட்டில் உண்மையான தொட்டி வேண்டும் என்கிறான். விளையாட்டில் கற்றது உதவுமா?

ஓரளவு உதவும். எந்த மீனோடு எதைச் சேர்க்கக் கூடாது, வெப்பநிலை, வடிகட்டியின் திறன், வளர்ந்த பின் மீன் கேட்கும் இடம் ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கை உணர்வு அவனுக்கு வந்திருக்கும். கடையில் அழகுக்காக வாங்கிவிடும் பெரியவர்கள் பலருக்கு அதுகூட இருப்பதில்லை. ஆனால், விளையாட்டில் வடிகட்டியைப் பொருத்திய உடனே மீனை விடலாம். வீட்டில் அது ஆகாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன் மீன்களை நிறைத்தால், நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போதே அவை மடிந்துபோகும். சேர்ந்துகொண்டே போகும் நைட்ரேட்டைக் குறைக்க, வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றவும் வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். சென்னையில் இருப்பவராயின் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு மகனை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் முதல் முறை தொட்டி, வடிகட்டி, அமோனியா சோதனைக் கருவி ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.