சாமி இல்லாத கோயில்

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை குழந்தைக்கு ஒன்றரை வயது. ஒன்பதாம் மாத தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாயிற்று. இரண்டாவது டோஸ் வேண்டவே வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு மறுப்பு போட்டால் அவர் இரண்டு வீடியோ போடுகிறார். 2017-ல் பள்ளிக்கூடங்களில் இதே ஊசியைப் போட்டபோது கிளம்பிய பேச்சு இன்னும் அடங்கவில்லை. நடிகர் விவேக் பெயரை எடுத்துவிட்டால் அதோடு எல்லாரும் அமைதி. எம்.எஸ்ஸி படித்த பெரியப்பாவோ ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார். பொய் என்று காட்டிய பிறகும் ஒரு கூட்டமே சேர்ந்து ஒன்றை எப்படி நம்பிக்கொண்டிருக்க முடிகிறது? நான் வாதாடுவதை நிறுத்திவிடட்டுமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

காட்பாடிக்காரர் என்பதால் முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். வெளியூர் ஆள் வந்தால் வேலூரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு. அதைச் சொல்கிற ஆண்கள் கண்ணாடி பார்ப்பதில்லை போலிருக்கிறது.) சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரரை வைத்தது 1981 மார்ச்சில். நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பூஜை நடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதையும் பாலத்தில் நின்று பார்த்தோம். ஆனாலும் சொல்கிறோம். போன மாதம் ஒரு விருந்தாளியிடம் நானே சொன்னேன். அதே கோயிலில் அர்ச்சனை முடித்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே.

நான் அதை நம்புகிறேனா? நம்பவில்லை. ஆனால் அது வாயில் உட்கார்ந்துவிட்டது. நாலு ‘இல்லாத’ வரிசையாக வருவதில் ஒரு தாளம் இருக்கிறது. ‘1981 வரை சாமி இல்லாத’ என்று திருத்தினால் தாளம் போச்சு. சொல்கிறவன் இந்த ஊர்க்காரன் என்பதும் அதில் தெரிந்துவிடுகிறது. சொல்வதற்குச் செலவு இல்லை, திருத்துவதற்குத்தான் செலவு.

உங்கள் மாப்பிள்ளையின் வீடியோக்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஊசியைப் பற்றி அவர் ஆராய்ச்சி அறிக்கை தரவில்லை. ‘என் பிள்ளையை நான் காபந்து பண்ணுகிறேன், என்னை யாரும் ஏமாற்ற முடியாது’ என்கிறார். நீங்கள் மறுப்பு போடும்போது, மாமனார் மாமியார் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் பார்க்க அவரை முட்டாள் என்று சொன்னதாக அவருக்குக் கேட்கிறது. அந்த இடத்தில் எந்த மாப்பிள்ளை ‘ஆமாம், நான்தான் தப்பு’ என்பார்?

விவேக் விஷயம் கொஞ்சம் வேறு. அவர் 2021 ஏப்ரல் 15 அன்று கேமரா முன்னால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அரசு அமைத்த நிபுணர் குழுவும் பின்னால் சொன்னது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் தினமும் ஊசி போட்டுக்கொண்ட நாட்கள் அவை. அதில் சிலருக்கு அந்த வாரமே மாரடைப்பு வரத்தான் செய்யும், ஊசியே இல்லாவிட்டாலும். ஆனால் மற்றவர்கள் பயப்படாமல் போட்டுக்கொள்ளட்டும் என்று முன்வந்த, நாம் எல்லோரும் சிரித்துப் பழகிய மனிதர் இரண்டே நாளில் போய்விட்டார் என்பது கதையாக அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது. குழு அறிக்கை அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பெரியப்பாவிடம் ஒரே ஒரு ஊர் பெயர் சொல்லுங்கள்: போளூர். இன்று திருவண்ணாமலை மாவட்டம், 1989-க்கு முன்னால் நம் வடாற்காடு. 2018 மே மாதம் அதன் பக்கத்தில் அத்திமூரில், சென்னையிலிருந்து சொந்தக்காரர்களோடு கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே பல நாட்களாக எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நெருப்பு எது பெரியப்பா?

இனி தடுப்பூசியை ஆதரிக்கிற நம் பக்கத்துக்கு வருகிறேன். பெரியம்மைக்குப் பசு அம்மைப்பால் குத்தும் முறை 1802-ல் இந்தியாவுக்கு வந்தபோது மக்கள் மிரண்டார்கள். மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்ற பயம். சென்னையில் இருந்த எல்லிஸ் துரை, ஆமாம், குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், சக்தியே தன்வந்திரிக்கு இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுப்பதாகத் தமிழில் ஒரு கதை கட்டினார். நல்ல எண்ணம்தான். 1819-ல் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகைக்கு ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ஒருவர் கடிதம் எழுதி, தன்வந்திரியின் பழைய நூலிலேயே பசு அம்மை குத்தும் முறை இருக்கிறது என்றார். பழைய ஆயுர்வேத நூல்களான சுசுருதத்திலோ சரகத்திலோ அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் இருநூறு வருஷமாக அது மேற்கோளாக ஓடுகிறது. தடுப்பூசி நம் முன்னோர் கண்டுபிடிப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் சுற்றிவளைத்து அந்தக் கடிதத்தில்தான் நிற்கிறார்கள். தடுப்பூசிக்கு ஆதரவான பொய் என்பதால் நம்மில் யாரும் அதை நோண்டிப் பார்ப்பதில்லை. படித்தவர்களின் பிரமைக்குப் பெயரே கல்வி விரும்பன் என்று அமைந்தது, பாருங்கள்.

‘நிபுணர்கள் சொன்னால் நம்பிவிட வேண்டுமா?’ என்று மாப்பிள்ளை கேட்டால் கோபப்படாதீர்கள். நல்ல கேள்வி. போலியோ சொட்டு மருந்து மூன்று தடவை கொடுத்தால் போதும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான், குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்த்தார். மேலை நாடுகளில் வேலை செய்த அளவுக்கு அந்த மூன்று சொட்டும் இங்கே வேலை செய்யவில்லை. 1972-லேயே எழுதிவிட்டார். இங்குள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை வேண்டும் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயமாவதற்கு எத்தனையோ வருஷம் ஆனது. பெரிய மருத்துவர்களுக்கும் கூட்டு நம்பிக்கை உண்டு, அதுவும் லேசில் போகாது. ஜேக்கப் ஜானும் சந்தேகப்பட்டவர்தான். சந்தேகம் வந்ததும் அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனார், மாப்பிள்ளை ஃபார்வர்ட் பண்ணப் போகிறார்.

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அது வாட்ஸ்அப் கதை இல்லை, நடந்தது. அதை அவர் எடுத்தால் ‘பொய்’ என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எந்த உண்மையும் ஏறாது. ஏற்கெனவே முதல் ஊசியைத் தாங்கிய குழந்தைக்கு இரண்டாவது எதற்கு என்றுதான் அவர் அதிகம் கேட்பார். ஒன்பதாம் மாதம் போடுவது நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் வேலை செய்யும். உங்கள் மருமகள் மீதிப் பதினைந்தில் ஒருத்தியா என்று வெளியே பார்த்துத் தெரியாது. அந்தப் பதினைந்து பேருக்காகத்தான் இரண்டாவது.

சரி, வாதாடுவதை நிறுத்தவா என்று கேட்டீர்கள். குழுவில் நிறுத்துங்கள். இன்றைக்கே. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி நாள். அதற்கு முந்தின நாள் மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ‘உங்களுக்கு எது பயம்?’ என்று மட்டும் கேளுங்கள். பாதிக்கு மேல் உங்களுக்குப் பதில் தெரியாது. அங்கே இருக்கிற செவிலியருக்குத் தெரியும், அவரிடமே கேட்கட்டும். எத்தனையோ பிள்ளைகளின் ஜுரத்தைப் பார்த்தவர் அவர். வண்டியை மாப்பிள்ளையே ஓட்டட்டும், ஊசி போடும்போது குழந்தை அவர் மடியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், அதே நாளில் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும் போடுவார்கள். அன்று ராத்திரியே உடம்பு சுடலாம். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட உடம்பு லேசாகக் காய்ந்து தடிப்பு வரலாம். இதைப் போகும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு ஜுரம் வந்தால், அடுத்த வீடியோவை எடுக்கப்போவது அவராகத்தான் இருக்கும்.