அமெரிக்கக் கல்லூரிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ போட்டியில் 13 ஆட்டமும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 2023-இல் பிளேஆஃபுக்குள், அதாவது தேசியப் பட்டத்துக்கான இறுதிக் கட்டத்துக்குள், ஏன் போகவில்லை?

அப்போது இருந்தது 4 இடம்தான். அணிகளைத் தேர்ந்தெடுப்பது புள்ளிப்பட்டியல் அல்ல, ஒரு குழு. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததையும் அது கணக்கில் எடுக்கலாம் என்பது விதி. நவம்பர் 18 அன்று அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடி. மாற்று வீரரும் காயப்பட, ஏசிசி (அந்த அணி ஆடும் லீக்) இறுதியில் முதலாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். லூயிவில்லை 16-6 என வென்றது முழுக்கத் தடுப்பாட்டத்தின் புண்ணியம்.

அதே நாள் அலபாமா, முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை 27-24 என வீழ்த்தியது. அலபாமாவை எடுத்தால், செப்டம்பரில் அதைத் தோற்கடித்த டெக்சஸை விட முடியாது. மிச்சிகன், வாஷிங்டனும் தோல்வியே காணாதவை. ஆக, ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 5-ஆம் இடம்.

பிறகு ஆரஞ்சு பௌல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 தோல்வி. இதைக் காட்டிக் குழுவை நியாயப்படுத்துவது சரியல்ல. ஃபுளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பலர் அன்று ஆடவே இல்லை. 2024 முதல் பிளேஆஃபில் 12 இடங்கள்.