"ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர்": தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் வயிற்றுக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் "ஆறு மாசமா", "ரெண்டு வருஷமா" என்றுதான் தொடங்குகின்றன. மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டே அத்தனை காலமும் ஓடியிருக்கிறது. அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வயது 52, தக்காளி விவசாயம், பாலக்கோடு. மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று சொல்லி ஓரிடத்தில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் நின்று மறுபடியும் வருகிறது. திரும்பவும் ஊசி போடலாமா?

வேண்டாம் ஐயா. முதலில் அது மூலம்தானா என்று தெரிய வேண்டும். மூலத்தில் வருவதும் சிவப்பு ரத்தம், மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் வருவதும் அதே சிவப்பு ரத்தம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், 'மூலம் இருக்கிறது' என்று ஒருவர் பார்த்துச் சொன்னதோடு விஷயம் முடிந்துவிடாது.

மருத்துவர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒரு நிமிட வேலை. கூச்சப்பட்டு அதைத் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டிகளில் பல அந்த விரலுக்கே தட்டுப்படும். அதோடு ஹீமோகுளோபின் பாருங்கள். உங்கள் வயதில் ரத்தம் போனால், ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் அவசியம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவு ஓ.பி.க்குப் போய், ஊசி போட்ட கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிப்பும் பதிவும் இல்லாதவர்கள் ஆசனவாயில் என்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடம் புண்ணாகி, சுருங்கி, மலம் கழிக்கவே முடியாமல் வருபவர்கள் உண்டு. தகுதி பெற்ற சித்த மருத்துவர் பௌத்திரத்துக்கு (ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை) மருந்து ஏற்றிய நூலைக் கட்டிச் செய்யும் காரநூல் சிகிச்சை வேறு. நான் சொல்வது சுவரொட்டியைப் பார்த்துப் போகும் இடங்களை.

எனக்கு 36 வயது, கிருஷ்ணகிரி. அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நான் ஏதாவது பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். தொந்தரவு வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதுதான் சரியான நேரம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், 40 வயதில் அல்லது அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். உங்கள் கணக்குப்படி 38. இடையில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ 38 வரை காத்திருக்காதீர்கள்.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் வரை ஆகும். அதற்குள் குழாய் விட்டுப் பார்த்தால், அங்கேயே அதை வெட்டி எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே நோய் வராமல் தடுக்கவும் செய்வது மருத்துவத்தில் அபூர்வம். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் சிரமம். மயக்க ஊசி போடுவதால் பரிசோதனையில் பெரிதாக வலி தெரியாது. உங்கள் அண்ணன், தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான், சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் 45 வயதுக்கு மேல் மருத்துவரிடம் கேட்டு, வருடம் ஒருமுறை மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம். அதில் ரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோபி.

ஓசூரில் கம்பெனி வேலை, வயது 34, நைட் ஷிப்ட். வயிறு எரிச்சலுக்கு இரண்டு வருடமாகத் தினமும் காலையில் கேஸ் மாத்திரை. நிறுத்தினால் திரும்ப வருகிறது. முதுகுவலிக்கும் அடிக்கடி மாத்திரை போடுகிறேன். எண்டோஸ்கோபி செய்யணுமா?

முதலில் அந்த முதுகுவலி மாத்திரையை நிறுத்துங்கள் தம்பி. டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக் வகை மாத்திரைகள் இரைப்பையின் உள்தோலைக் காக்கும் பொருளையே குறைத்துப் புண்ணை உண்டாக்கும். காரக் குழம்பைக் குறை சொல்கிறோம், அது எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். புண்ணுக்குப் பெரிய காரணங்கள் இந்த வலி மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும்.

அந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் வளர்த்துக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முன் அல்சர் என்றால் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று நம்பினோம். இந்தக் கிருமி பல வருடம் தங்கினால் சிலருக்கு இரைப்பைப் புற்றுக்கும் வழிவிடும். ஆகவே மாத்திரையால் எரிச்சலை மட்டும் மூடி வைக்காமல், கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வேறு அபாய அறிகுறி இல்லாத உங்கள் வயதுக்கு மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை போதும். கேஸ் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகு பார்க்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று காட்டும். கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று விட்டுவிட்டால், மிச்சக் கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது. முடித்து நான்கு வாரத்துக்கு மேல் மறுபடி சோதித்து, போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ நிற்பது, எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், விடாத வாந்தி, ரத்தசோகை: இதில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.) ரத்த வாந்தி என்றால் 108ஐ அழையுங்கள்.

அரூர், வயது 60. ஏற்றத்தில் நடந்தால் நெஞ்சு கரிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. சோடா குடித்தால் நன்றாக இருக்கிறது. கேஸ்தானே?

நடந்தால் வந்து, நின்றால் போவது இதய வலியாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு. நாளைக்கே இ.சி.ஜி. எடுங்கள். அது சரியாக இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் விடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்தாலோ உடனே 108.

பென்னாகரம். குழந்தைக்கு ஒன்றரை வயது, சரியாகச் சாப்பிடுவதில்லை. தொக்கம் எடுக்கணும் என்று மாமியார் சொல்கிறார்.

அம்மா, ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறையும். எடை ஏறுகிறதா என்று அங்கன்வாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், ஹீமோகுளோபின் பாருங்கள், அங்கே கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். உணவு சிக்கியிருக்கிறது என்று சொல்லி, தொக்கம் எடுக்கிறேன் என்று வாயிலும் தொண்டையிலும் செய்வதால் பசி வராது, தொண்டையில் காயமும் தொற்றும் வரலாம். மாமியாரையும் கூட அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் காதில் நேராக விழட்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, சற்று நேரம் ஓய்ந்து, மறுபடி அழுதால், கூடவே வாந்தியும், சளியோடு ரத்தம் கலந்த மலமும் இருந்தால், குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டிருக்கலாம். அப்போது குடல் தட்டுவதோ வயிறு உருவுவதோ கூடவே கூடாது. சில மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் ஆசனவாய் வழியே காற்றோ நீரோ செலுத்தி, அறுவை சிகிச்சை இல்லாமலே பிரித்துவிடலாம். ஒரு நாள் தாமதித்தால் குடல் அழுகிவிடலாம்.

ஊத்தங்கரை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். வலி இல்லை.

வலி இல்லாத கல்லை அப்படியே விடலாம். வலது மேல்வயிற்றில் வலி வரத் தொடங்கினால் சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை. காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

காவேரிப்பட்டணம், வயது 46, சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வருகிறது. ஸ்கேனில் 'கொழுப்புக் கல்லீரல் கிரேடு 2'. லிவர் டானிக் குடிக்கட்டுமா?

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கு வருவது நல்லதுதான், ஆனால் வருடம் ஒருமுறை கல்லீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கல்லீரல் சத்தமில்லாமல் தழும்பேறலாம். வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், ரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கை வைத்தே தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று கணக்கிடலாம், சந்தேகம் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். டானிக் தேவையில்லை. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் தெளியும். கேழ்வரகுக் களி நல்ல உணவு, இரண்டு பெரிய உருண்டை அதிகம். மாம்பழக் காலத்தில் ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

தேன்கனிக்கோட்டை. மனைவி ஏழு மாதக் கர்ப்பம். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். குழந்தைக்கு வருமா?

கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் குழந்தைக்குப் போகாமல் தடுக்கலாம், ஆனால் நேரம் மிக முக்கியம். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். ஆகவே மனைவிக்கு வைரஸ் அளவை இப்போதே பாருங்கள், அதிகமாக இருந்தால் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயார் எதிர்ப்புப் பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அவனுக்கும் பாருங்கள்.