மழைநாளில் மட்டும் எரியும் எஞ்சின் விளக்கு

மழைநாளில் மட்டும் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஆக்சிஜன் சென்சாரை (புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் கருவி) மாற்றலாமா என்று கேட்டிருக்கீங்க. இப்போதே மாற்றாதீங்க. மழை பெய்த காலையில் வண்டி உதறி, விளக்கு எரிந்து, ரெண்டு மூணு நாளில் தானே அணைகிறது என்றால் என் சந்தேகம் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) மேல்தான். பழைய பெரொடுவா மைவி காரில் காயில் ரப்பர் வெடித்திருந்தால் ஈரம் இறங்கிவிடும்.

விளக்கு அணைந்தாலும் கோடு (code, பழுதைக் குறிக்கும் எண்) வண்டியின் கம்ப்யூட்டரில் கிடக்கும். சுங்கை சிப்புட் டவுனில் ஸ்கேனர் உள்ள பட்டறையில் படிக்கச் சொல்லுங்க. அதற்குமுன் பேட்டரி வயரைக் கழற்றினால் கோடு அழிந்துவிடும்.

பி0302 (இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற கோடு) வந்தால், இரண்டாவது சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டுங்க. அடுத்த மழையில் பி0303 (மூன்றாவது சிலிண்டர்) என்று மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் போகணும்.

விளக்கு மினுக்கினால் மட்டும் தோட்டத்து மேட்டில் அழுத்தி மிதிக்காதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு.