எண்ணினால் மாறுமா உலகம்?

அன்புள்ள ஐயாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தன்முனைப்புப் பயிலரங்குக்குப் போயிருந்தேன். கட்டணம் 200 ரிங்கிட். “உலகம் உங்கள் எண்ணம்தான். எண்ணத்தை மாற்றுங்கள், உலகம் மாறும். பெர்க்லியும் ஆதிசங்கரரும் இதைத்தான் சொன்னார்கள்” என்றார் பேச்சாளர். உண்மையா? எல்லாம் மனம்தான் என்றால், எல்லோர் கண்ணுக்கும் ஒரே இரட்டைக் கோபுரம் தெரிவது எப்படி?

வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவருமே அப்படிச் சொல்லவில்லை. மனத்துக்கு வெளியே தனியாகச் சடப்பொருள் கிடையாது என்று அயர்லாந்துத் தத்துவவாதி பெர்க்லி 1710இல் ஒரு நூலில் எழுதினார். ஆனால், பட்டப்பகலில் கண்ணைத் திறந்தால் எதைப் பார்ப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் எனக்கில்லை என்பதும் அதே நூலில் இருக்கிறது. நம் விருப்பத்துக்கு அடங்காத அந்தக் காட்சிகளை இறைவன் தருகிறான் என்று முடித்தார். பின்னாளில் ஆயரானவர், வேறெங்கே போய் முடிப்பார்?

உங்கள் இரண்டாவது கேள்வி மிகப் பழையது. எல்லாம் மனமே என்ற யோகாசாரப் பௌத்தரான வசுபந்து ‘விம்சதிகா’ என்ற நூலில் எதிர்த்தரப்பின் வாயால் அதையே கேட்க வைக்கிறார். அவருடைய பதிலில் பிரேதங்கள், அதாவது பசியோடு அலையும் ஆவிகள், வருகின்றன. ஆற்றங்கரைக்கு வரும் பிரேதங்கள் அத்தனைக்கும் ஆறு சீழாகவே தெரிகிறது. வெளியே சீழ் இல்லை. வினை ஒத்திருப்பதால் காட்சியும் ஒத்திருக்கிறது.

பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பிரேதங்கள் அந்நியமல்ல. சீனர்களின் ஏழாம் மாதத்தில் அவற்றுக்காக மேடை போட்டுக் கூத்து நடத்துவார்கள். முதல் வரிசையைக் காலியாக விடுவது வழக்கம். வழியில் போகிற நமக்கு அது காலி வரிசை, நம்புகிறவர்களுக்கு நிறைந்த வரிசை. வினை வேறானால் காட்சியும் வேறாகும் என்பார் வசுபந்து. நான் உடன்படவில்லை. நாற்காலிகளை எண்ணச் சொன்னால் இரு தரப்பும் ஒரே தொகையைத்தான் சொல்லும். யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் வழக்கு. அந்த ஒரே தொகைக்கு வினையைக் காரணம் காட்டுவதைவிட நாற்காலியைக் காரணம் காட்டுவது எளிது. (மெய்கண்டாரும் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை ‘அவன், அவள், அது’ என்று கண்முன் நிற்கும் உலகிலிருந்துதான் தொடங்குகிறார்.)

சங்கரரை இந்தக் கூட்டத்தில் சேர்த்ததுதான் வேடிக்கை. பிரம்மசூத்திர உரையில் விஞ்ஞானவாதிகளை, அதாவது எல்லாம் அறிவே என்ற இந்த யோகாசாரப் பௌத்தர்களை, அவர் வறுத்தெடுக்கிறார். தூணைப் பார்க்கிறவன் தூணைத்தான் பார்க்கிறான். தூணைப் பற்றிய அறிவைப் பார்க்கிறேன் என்று எவனும் சொல்வதில்லை என்கிறார். வெளியே பொருளே இல்லை என்பவனை, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே “நான் சாப்பிடவில்லை” என்பவனோடு ஒப்பிடுகிறார். அடுத்த பயிலரங்கில் கட்டணம் கேட்டால், மனத்தாலேயே செலுத்திவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்.