“வீட்ட போகோணும்” என்று அம்மா படலையடியில் நிற்கிறா

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது. இரண்டு வருடமாக மறதி கூடிக்கொண்டு வருகிறது. பின்னேரம் ஆறு மணியானால் இரண்டு சீலையைப் பையில் வைத்துக்கொண்டு படலையடியில் போய் நிற்கிறா. “வீட்ட போகோணும்” என்கிறா. “இதுதானே அம்மா வீடு” என்றால் சண்டை. சங்கிலியை நான் எடுத்துவிட்டேன் என்று அயலில் சொல்லியிருக்கிறா. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, “அம்மா போனில நல்லாத்தானே கதைக்கிறா” என்கிறார். இதற்கு மருந்து இருக்கிறதா?

பதில்: அண்ணாவின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அவர் எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்று பாருங்கள். வேலை முடிந்து, சாப்பிட்டு, அங்கே இரவு பத்து மணிக்கு எடுத்தால் கோடைகாலத்தில் நமக்குக் காலை ஏழரை. நித்திரை கொண்டு எழும்பிய அம்மா நாளிலேயே தெளிவாக இருக்கும் நேரம் அது. “சாப்பிட்டியா, பிள்ளையள் சுகமா, அங்க குளிரா” என்ற விசாரிப்பெல்லாம் பழக்கத்தில் வருவது. மறதி நோய் நன்றாக முற்றும்வரை அது நிற்கும். டொக்டருக்கு முன்னாலும் பத்து நிமிடம் அப்படித்தான் சமாளிப்பா. அண்ணாவை அவருடைய காலை எட்டரைக்கு வீடியோவில் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே ஆறு மணி. மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது வைத்தியம். நம் ஊரில் “அறளை பேந்திட்டுது” என்று சொல்லி, வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் கோபமில்லை, அதோடு ஆஸ்பத்திரிக் கதை முடிந்துபோவதில்தான் கோபம். மறதி நோய் முதுமையின் இயல்பு கிடையாது. அது மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது. பெரும்பாலும் அல்சைமர். அடுத்தபடி, பிரஷரும் சீனி வருத்தமும் மூளையின் இரத்தக் குழாய்களைப் பழுதாக்குவதால் வருவது. ஆனால் தைரொயிட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டியது இவையும் இதே கோலத்தைக் காட்டும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் உள்ள குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தடிமனுக்கும் சொறிக்கும் சாதாரணமாக எடுக்கும் குளோபெனிரமின் கூட முதியவர்களின் தலையைக் குழப்பும். எப்போது தொடங்கியது, என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் திகதியோடு எழுதிப்போனால், அம்மா சமாளித்தாலும் டொக்டர் ஏமாறமாட்டார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். இரண்டு வருடமாக மெல்ல மெல்ல வந்தது வேறு. நேற்றுவரை நடந்தவ இன்று திடீரென்று ஆளை மட்டுக்கட்டாமல் பிதற்றினால் அது வேறு. சலத்தில் கிருமி, காய்ச்சல், உடம்பில் உப்புக் குறைவு என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மருந்து உண்டா என்றால், உண்டு. டொனெப்பெசில், மெமன்ரின் போன்றவை சிலருக்குக் கொஞ்சக்காலம் கைகொடுக்கும். போன ஞாபகத்தைத் திருப்பித் தராது. இரவில் நித்திரை கொள்ளவில்லை என்று பார்மசியில் கேட்டு நித்திரைக் குளிசை கொடுப்பதை மட்டும் செய்யவேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வேறு கதையாகிவிடும்.

இனிப் படலைக்கு வருவோம். புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் முதலில் தாக்கும். நேற்றையது பதியாது, ஐம்பது வருடத்துக்கு முந்தியது அப்படியே இருக்கும். அம்மா தேடும் வீடு பெரும்பாலும் அவ பிறந்து வளர்ந்த வீடு, அல்லது கலியாணம் கட்டிப் போன வீடு. 1990 யூனில் சண்டை மூண்டபோது இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன. உங்கள் வீட்டாரும் அப்படிப் போயிருந்தால், அந்த இரண்டு சீலையும் எந்த நாளைக்கு உரியவை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவருக்கு “இதுதான் வீடு” என்று எத்தனை தரம் சொன்னாலும், யாரோ வழிமறிக்கிறார்கள் என்றுதான் படும்.

வாதாடாமல், “ஓம் அம்மா, போவம். இருட்டுது, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்” என்று சொல்லிப் பாருங்கள். தேத்தண்ணி ஆறும்வரை, “அங்க கிணத்தடியில என்ன மரம் நிண்டது?” என்று கேளுங்கள். மரத்திலிருந்து மாமியார், மாமியாரிலிருந்து மீன்குழம்பு என்று கதை போகும். பை கதிரைக்குக் கீழே இருக்கும். இதைப் பொய் என்று சிலர் குறைப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செத்துப்போன தகப்பனை அம்மா கேட்டாலும் இதே வழிதான். “அவர் செத்துப் பத்து வருஷம்” என்று ஒவ்வொரு தரமும் சொன்னால், ஒவ்வொரு தரமும் அவவுக்கு அது புதுச் செத்தவீடு.

பொழுதுபடும் நேரத்துக் குழப்பம் இந்த நோயில் வழக்கம். நிழல் நீள்கிறது, உடம்பு களைக்கிறது, சிலவேளை சலம் முட்டியிருக்கும், சொல்லத் தெரியாது. ஐந்தரைக்கே லைற்றைப் போடுங்கள்.

சங்கிலி? தானே பத்திரமாக ஒளித்து, ஒளித்ததை மறந்திருப்பா. அரிசி வாளி, தலையணை உறை, சீலை மடிப்பு, சாமிப்படத்தின் பின்பக்கம் பாருங்கள். “நான் எடுக்கேல்ல” என்று நிற்காமல், “வாங்கோ, ரெண்டு பேரும் தேடுவம்” என்று கூட நில்லுங்கள். அசலை வங்கியில் வைத்துவிட்டு, அதேமாதிரி கவரிங் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் போட்டுவிடலாம்.

உங்கள் பக்கம் கடற்கரை கிட்ட என்பதால் படலைக்கு அவவின் கண்மட்டத்துக்கு மேலே ஒரு கொளுக்கி, கிணற்றுக்கு மூடி. வெட்கப்படாமல் அயலவருக்கும் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் நோயைச் சொல்லிவையுங்கள். களவுக் கதையும் அதோடு அடங்கும். கிழமையில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் வேறு ஒருவரை அம்மாவோடு இருத்திவிட்டு நீங்கள் பத்திரகாளி கோயிலுக்கோ, சும்மா படுக்கவோ போங்கள். அதற்கான ஆள்கூலியை அண்ணா அனுப்பட்டும். மனம் விட்டுப்போகும் இரவில் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அந்தப் பையை மட்டும் பறிக்கவேண்டாம். அதை அடுக்கும் நேரம் அவவின் கை ஆறுகிறது. உங்கள் பெயரையும் போன் இலக்கத்தையும் ஒரு துணித்துண்டில் எழுதி, பையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள்.